லோடு ஏறும்போது மட்டும்

ஏனுங்க தம்பி, அந்த டப்பாவக் கீழ வெக்காதீங்க. மடியில எடுத்து வெச்சுக்கங்க. ரயில்வே கேட்டு தாண்டுனா இந்த பஸ்ஸு குலுக்குற குலுக்குல உள்ள இருக்கறது முழுசா ஊடு போய்ச் சேராதுங்க. ஆர்டு டிஸ்க்குதானுங்க அது? டப்பா மேல படம் போட்டிருக்குதே. இந்தப் பொம்பள மில்லு வேலைக்குப் போறவளாட்ட இருக்கறா, இவளுக்கெப்புடித் தெரியும்னு பாக்கறீங்க. தெரியுமுங்க. நெம்ப நல்லாத் தெரியும்.

ஆபீஸ் கம்ப்யூட்டரு ஹேங் ஆகுதுங்களா? அதுக்குப் புதுசு வாங்கிட்டுப் போறீங்களாக்கும். பழசு கெட்டுப் போச்சுன்னு ஆரு சொன்னாங்க? ரிப்பேருக்காரரா? அவரு மூடியக் கழட்டி உள்ள ஒயரத் தொட்டுப் பாத்தாருங்களா? பாக்கலைல்ல. பாக்க மாட்டாங்க. பொட்டியத் தொறக்கறதுக்கு முன்னாடியே என்ன வியாதின்னு சொல்லிப்போடுவாங்க. அந்த ஆளுங்கள எனக்குத் தெரியும். ஒரு ஒயரு, தம்பி. முழ நீளம் கூட இல்லாத ஒரு ஒயரு என்ற பொழப்பக் கெடுத்துச்சு. ஒயரு கெடுக்கல. ஒரு புள்ள கெடுத்தா. சொல்றேன் கேளுங்க, உங்க ஊரு வர்ற வரைக்கும் என்ன பண்ணப் போறீங்க.

நான் பதினோரு வருசம் எடை மேடையில இருந்தவளுங்க. இதே ரோட்டுலதான் இருக்குது. லாரி லோடோட மேடை மேல ஏறி நிக்கும். எடை காட்டற பெட்டியில நம்பரு ஓடும். நின்ன நம்பரக் கம்ப்யூட்டர்ல ஏத்தோணும். அந்த லாரி லோடு எறக்கிட்டுக் காலியாத் திரும்பி வரும், மறுக்கா ஏத்தோணும். இதுல அதக் கழிச்சு மிச்சம் எத்தனைன்னு சீட்டு அடிச்சு வரும். அதுதாங்க என்ற வேலை. கேக்கறதுக்குச் சுளுவா இருக்கும். மக்காச்சோளம், சிமெண்டு, குச்சிக்கிழங்கு, கல்லு, ஒரு நாளைக்கு எழுவது எம்பது லாரி. ஒரு எழுத்து மாறுனா ரெண்டு ஊட்டுல சண்டை. பதினோரு வருசத்துல என்ற சீட்டுல ஒரு தப்பு வந்ததில்லீங்க. வந்ததுன்னு சொன்னாங்க. அது வேற கதை. அதையும் சொல்றேன்.

போன வருசம், வைகாசி மாசமுங்க. அப்பத்தான் மொதல்மொதலா நின்னுச்சு. சிமெண்டு லாரி ஒண்ணு ஏறி நிக்குது. நான் பட்டனத் தட்டறேன். அம்புக்குறி அப்புடியே கல்லாட்ட நின்னுக்கிச்சு. எலிய, அதாங்க மவுஸ, புடிச்சு இழுத்தாலும் நகரல. கம்ப்யூட்டர் பொட்டியில ஒரு செவப்பு லைட்டு இருக்குமில்லீங்களா, எப்பவும் மினுக்கு மினுக்குனு கண்ணடிச்சுக்கிட்டு இருக்கும். அது அணையாம நின்னு எரியுது. அரை நிமிசம். ஒரு நிமிசம். வெளிய டிரைவரு ஆரன் அடிக்கறாரு. அணைச்சுப் போட்டா, கறுப்புத் திரையில வெள்ளையா ரெண்டு வரி இங்கிலீசு வந்து நிக்குது. டிஸ்க்கே இல்லைன்னு சொல்லுதாம். உள்ளதான இருக்குது, எங்க போயிரும்? மறுக்கா அணைச்சுப் போட்டேன், வந்துச்சு. ஆனா அந்த லாரியோட எடை போயிருச்சு.

அன்னைக்கு ஒருக்கா. அடுத்த நாளு மூணு தடவை. அப்பறம் இதே பொழப்பாப் போச்சு.

எங்க மொதலாளி செங்கோட்டுவேலு நவநீதனக் கூப்புட்டாருங்க. நவநீதன் டவுன்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வெச்சிருக்காப்ல. வந்தான், உக்காந்தான், வைரஸுன்னான். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்துனான். ரெண்டு நாளு ஓடுச்சு. மறுக்கா வந்தான். உள்ள இருந்து ஒரு சின்னப் பட்டையக் கழட்டி, ரப்பர் இருக்குதில்லீங்களா பள்ளிக்கோடத்துப் புள்ளைங்க அழிக்கறது, அத வெச்சுத் தேய்ச்சான். இதாங்க மெமரி, அழுக்குன்னான். சரிதான்னு இருந்தோம். ரெண்டே நாளு. அப்பறம் கரண்டு சரியில்லைன்னு பேட்டரிப் பொட்டிய மாத்துனான். அப்பறம் உங்கள மாதிரிதாங்க, டிஸ்க்கு போயிருச்சுன்னு புதுசு வாங்கி மாட்டுனான். அதுவும் நின்னுச்சு. அப்பறம் அவனுக்குச் சொல்றதுக்கு மெசின்ல ஒண்ணும் மிச்சமில்ல. என்னப் பாத்தான்.

"அண்ணா, மெசின்ல கோளாறு இல்லீங்ணா. இந்தக்கா படபடன்னு நாலு பட்டன ஒட்டுக்கா அமுத்துறாங்க. அதான் மூச்சு முட்டிப் போகுது."

மெசினுக்கு மூச்சு முட்டுதாம். எனக்குத்தான் முட்டுச்சு.

ஹேங் ஆனா நான் என்ன பண்ணுவேன், எடைப் பெட்டியில நம்பரு தெரியுதில்லீங்களா, அதப் பாத்துக் கையில எழுதிச் சீட்டுக் குடுப்பேன். அப்புடி ஒரு நாளு மக்காச்சோள ஏவாரி பெரியதம்பிக்கு எழுதிக் குடுத்தேன். கோழித்தீவன மில்லுல போட்டா நூத்திருவது கிலோ கொறையுதாம். வந்து நின்னுக்கிட்டு, "உங்க பொம்பளையும் டிரைவரும் கூட்டு. வேணும்னே மெசின நிறுத்திப்போட்டுக் கையில எழுதறா"ன்னு சத்தம் போட்டாரு. மொதலாளி என்ன பண்ணியிருக்கோணும்? பதினோரு வருசம் இருக்கறவளுங்க, அப்புடியெல்லாம் பண்ணமாட்டாங்கன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. அவரு என்னப் பாத்து, "பையக் கொண்டா துளசிமணி"ன்னாருங்க.

பையக் கொண்டான்னாரு. நாலு டிரைவருங்க நிக்கறாங்க. நவநீதன் நிக்கறான். லாரிக்கு வழிகாட்டுற பொன்னுச்சாமியண்ணன் நிக்கறாரு. மேசை மேல என்ற பையக் கவுத்தாரு. சோத்துப் போசி, தைலம், பஸ் சீட்டு, எங்கூட்டுக்காரரு மாத்திரை அட்டை. அம்புட்டுத்தான் இருந்துச்சு. நான் ஒவ்வொண்ணா எடுத்து மறுக்காப் பையில போட்டுக்கிட்டேன். நாலு நாளு கழிச்சு அந்த மில்லுக்காரங்க மேடையிலதான் கோளாறுன்னு தெரிஞ்சு போச்சு. ஆராவது வந்து மன்னிச்சுக்கம்மான்னு சொன்னாங்களா? மொதலாளி அந்தப் பக்கமாப் போறப்ப, "அது சரியாப் போச்சு"ன்னாரு. அது சரியாப் போச்சாம்.

அதுக்கப்பறம் நானே பாக்க ஆரம்பிச்சேனுங்க. எனக்கு எட்டாவதுதான் படிப்பு. ஆனாக் கண்ணு இருக்குதுல்ல. எப்பெப்ப நிக்குதுன்னு பாத்தேன். காலி லாரி வந்தா நிக்கறதில்ல. ஞாயித்துக்கெழமை லோடு வராது, நிக்கறதில்ல. லோடு லாரி ஏறி டப்புன்னு பிரேக் புடிக்கறப்ப எங்க ரூமே ஒரு ஆட்டம் ஆடும், செவுத்துல மாட்டுன காலண்டரு ஆடும். அப்பத்தான் நிக்குது. லோடு ஏறும்போது மட்டும். கம்ப்யூட்டர் பொட்டியச் செவுத்தோட ஒட்டி ஒரு பலகை மேல வெச்சிருந்தோம். சூடாகுதுன்னு நவநீதன் பக்கத்து மூடியக் கழட்டிப்போட்டுத்தான் போயிருந்தான். குனிஞ்சு பாத்தேன். டிஸ்க்குல இருந்து சப்பட்டையா ஒரு செவப்பு ஒயரு வருது. அதோட மூக்குல புடிச்சு நிறுத்தறதுக்கு ஒரு கொக்கி இருக்கோணும். அது ஒடைஞ்சு கெடக்குது. லாரி ஏறுறப்ப அந்த மூக்கு, இந்தா இத்தினியூண்டு, நூலளவு, வெளிய வருதுங்க.

கட்டை விரல வெச்சு அமுத்துனேன்.

நின்னுக்கிட்டிருந்த அம்புக்குறி நகந்துச்சு தம்பி. செவப்பு லைட்டு மினுக்குனுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு. அஞ்சு மாசமா என்னத் திருடிங்கறாங்க, தெரியாதவங்கறாங்க. இந்தா இருக்குது, ஒரு ஒயரு.

சொல்லோணும்னுதானுங்க போனேன். சத்தியமாச் சொல்றேன், சொல்லோணும்னுதான் எந்திரிச்சுப் போனேன். வெளிய வேப்பமரத்தடியில மொதலாளியும் நவநீதனும் டீக் குடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. நவநீதன் சொல்றான், "அண்ணா, இந்தக்காவுக்கு எலியப் புடிக்கவே தெரியாதுங்ணா. எலிப்பொறி வெச்சுக் குடுங்க." மொதலாளி சிரிச்சாரு. டீ சட்டை மேல கொட்டுற அளவுக்குச் சிரிச்சாரு.

நான் அப்புடியே திரும்பி வந்து உக்காந்துக்கிட்டேன். எனக்கென்னங்க வந்துச்சு, சொல்றதுக்கு?

பழைய ரப்பர் செருப்புல ஒரு துண்டு அறுத்து, ஒயரு மூக்குக்கும் தகரத்துக்கும் நடுவால சொருகி வெச்சேன். கனகச்சிதமா நின்னுக்கிச்சு. அதுக்கப்பறம் நாலு மாசமுங்க. என்ற கையில ஒரு தடவை நிக்கல. மொதலாளி வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றாரு, "நவநீதன் கடைசியா வந்து என்னமோ பண்ணுனான், சரியாப் போச்சு. கைராசிக்காரன்." நவநீதனுக்குப் பேரு. நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் மறுக்கா வந்தப்பத் துண்ட உருவி வெச்சுக்கிட்டேன். அவன் உக்காந்தா நிக்கும். நான் உக்காந்தா ஓடும். மொதலாளி ஒருநாள் உக்காந்தாரு, அப்பவும் துண்ட உருவிக்கிட்டேன், நின்னுச்சு. "இது துளசிமணி கைக்குத்தான் கேக்குது"ன்னாரு. பதினோரு வருசத்துல அவரு என்னப் பத்திச் சொன்ன ஒரே நல்ல வார்த்தைங்க அது. மெசினு எனக்கு மட்டும் கேக்குதுன்னா அதுல ஆருக்கு என்ன நட்டம்? நான் ஆருக்கும் கெடுதல் நெனைக்கறவ இல்ல.

அப்பத்தான் என்ற மவளுக்குப் பிரசவம் வந்துச்சு. தலைச்சன். கோபியில கட்டிக் குடுத்திருக்குது. இருவது நாளு லீவு வேணும்னேன். மொதலாளி மொனகிக்கிட்டே, "நீ போனா மெசின ஆரு பாக்கறது? ஒரு புள்ளையப் போடறேன், சொல்லிக்குடு"ன்னாரு. வந்தா. மோகனப்பிரியான்னு பேரு. இருவத்தினாலு வயசு, பி.காம் படிச்சிருக்கறா. புருசன் ஆழ்குழாக் கெணறு போடற போர் வண்டியில வேலை, ஒடிசாப் பக்கம் போனா ஆறு மாசம் கழிச்சுத்தான் வருவான். மூணு வயசுல ஒரு பொட்டப்புள்ள. அவ அமைதிதான், நான் இல்லைன்னு சொல்லல. அக்கா அக்கான்னு சுத்தி வந்தா. எனக்கு முந்தி வந்து மேசையத் தொடச்சு வெப்பா. படிச்ச திமிரு இல்ல.

ஆனா எல்லாத்தையும் கேப்பாங்க. எதுக்குக்கா காலி எடைய அப்பறம் எடுக்கறோம், எதுக்குக்கா இந்த மூடி தொறந்து கெடக்குது. "சூடாகுது, அதான்"னேன். "ஹேங் ஆகுமாமே, பொன்னுச்சாமியண்ணன் சொன்னாரு. ஆனா என்னக்கா பண்ணோணும்?" அப்புடீன்னு கேட்டா. "சாமிய நெனச்சுக்கிட்டு அணைச்சுப் போடு"ன்னேன்.

பொய்யில்லீங்களே. எல்லாரும் அதத்தான பண்றாங்க.

கோபிக்குப் போறதுக்கு மொத நாளு சாயந்தரம் செருப்புத் துண்ட எடுத்துக்கிட்டேன். என்ற செருப்புங்க அது. என்ற பொருள நான் எடுத்துட்டுப் போறதுக்கு ஆருகிட்டக் கேக்கோணும்? நீங்க பாக்கறது எனக்குப் புரியுது. ஒருத்தி எடத்துல புதுசா ஒருத்தி வந்து உக்காந்துக்கிட்டா, மெசினும் அவளுக்கு ஓடுச்சுன்னா, இருவது நாளு கழிச்சு நான் எங்க போயி உக்காருவேன்? நாலு நாளு நிக்கட்டும், துளசிமணி எப்ப வருவான்னு கேக்கட்டும். அவ்வளவுதான் நெனச்சேன். அதுக்கு மேல எனக்கு மனசுல ஒண்ணுமில்ல.

பத்தாவது நாளா, பதினோராவது நாளா. ஆசுபத்திரியில கொழந்தைய மடியில வெச்சிருக்கேன். ஆம்பளப்புள்ள. போன் வருது. மோகனப்பிரியா. கொரலே சரியில்ல. "அக்கா, பெரியதம்பி வந்து சத்தம் போடறாருக்கா. கையில எழுதுன சீட்டு செல்லாதுங்கறாரு, நான் டிரைவரு கூடக் கூட்டுங்கறாரு. இந்த மெசினு உங்களுக்கும் நிக்கும்னு மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. போனை அவருகிட்டக் குடுக்கறேன்."

மொதலாளி பேசறாரு. "ஏம்மா துளசிமணி, நீ இருக்கறப்ப இப்புடி நிக்குதா?"

நான் சொன்னேன், "இல்லீங்களே. நாலு மாசமா எனக்கு ஒருக்காக்கூட நிக்கலீங்களே."

நிக்கலதானுங்க? இதுல பொய் எங்க இருக்குது? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அவரு "சரி"ன்னு போனை வெச்சுட்டாரு. கொழந்தை அழுதுச்சு, பால் குடுக்கற நேரம், நான் மவகிட்டக் குடுத்தேன். மறுக்காப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கலாம். என்ன சொல்றது? என்ற பையக் கவுத்தன்னைக்கு எனக்கு ஆரு போன் பண்ணிச் சொன்னாங்க?

அவளோட பையையும் கவுத்தாங்களாம். பொன்னுச்சாமியண்ணன்தான் சொன்னாரு அப்பறம். அதே மேசை. சோத்து டப்பா, சீப்பு, புள்ளைக்கு வாங்குன இருமல் மருந்து, ரெண்டு ஹேர் கிளிப்பு. அதுகூட ஒரு நோட்டு. அழுவான்னு பாத்தா அழுகலையாம். அந்த நோட்ட எடுத்து மொதலாளி கையில குடுத்தாளாம். "இதப் படிங்க மொதலாளி. பத்து நாளா எழுதி வெச்சிருக்கேன். நின்ன நேரம், வண்டி நம்பரு, எத்தனை டன்னு. காலி வண்டிக்கு ஒருக்காக்கூட நிக்கல. லோடு ஏறும்போது மட்டும்தான் நிக்குது. உள்ள எதோ ஆடுது"ன்னாளாம்.

நான் அஞ்சு மாசம் கண்டுபுடிக்கறதுக்குப் பாடுபட்டதுங்க. பத்து நாளு. ஒரு நோட்டு.

வெளிய சிமெண்டு லாரி காத்துக்கிட்டு நின்னுச்சாம். பொன்னுச்சாமியண்ணன ஏத்தச் சொல்லிப்போட்டு, மூடி தொறந்த பக்கமா முட்டி போட்டு உக்காந்துக்கிட்டாளாம். மொதலாளி, பெரியதம்பி, டிரைவருங்க எல்லாரும் குனிஞ்சு நிக்கறாங்க. லாரி ஏறுச்சு, டப்புன்னு நின்னுச்சு, திரையும் நின்னு போச்சு. ஒவ்வொரு ஒயராத் தொட்டுக்கிட்டே வந்து, அந்தச் செவப்பு ஒயர அமுத்துனாளாம். ஓடுச்சு. விட்டா நின்னுச்சு. புடிச்சா ஓடுது, உட்டா நிக்குது. மூணு தடவை காட்டுனாளாம். அப்பறம் பெரியதம்பியோட மக்காச்சோள லாரி இன்னும் லோடு எறக்காம அங்கயேதான் நின்னுச்சு, அத மறுக்கா மேடை மேல ஏத்தச் சொன்னாளாம். அவ கையில எழுதுன நம்பரும் பெட்டியில வந்த நம்பரும் ஒண்ணு. பெரியதம்பி லாரியில ஏறிப் போயிட்டாராம். அன்னைக்குச் சாயந்தரமே நவநீதன் வந்து இரும்புக் கொக்கி வெச்ச புது ஒயரு மாட்டிட்டு, "நான் அப்பவே சந்தேகப்பட்டேங்ணா"ன்னானாம். அந்த ஆள என்ன பண்றது சொல்லுங்க.

இதொண்ணும் எனக்குத் தெரியாதுங்க அப்ப. ஒருத்தரும் சொல்லல. லீவு முடிஞ்சு வந்தேன். எட்டு மணிக்கே போயிட்டேன், ஆரும் வரல. நாக்காலியில உக்காந்து, செருப்புத் துண்ட எடுத்து, குனிஞ்சு பாக்கறேன். செவப்பு ஒயரக் காணோம். கறுப்பா ஒண்ணு, பளபளன்னு கொக்கியோட. இழுத்துப் பாத்தேன். அசையல.

நிமிந்தா வாசல்ல அவ நிக்கறா.

எத்தனை நேரமா நின்னாளோ தெரியல. என்ற கையில அந்த ரப்பர் துண்டு. மூடிக்கிட்டேன் கைய. உள்ள வந்தா. மெதுவாத்தான் கேட்டா. "அக்கா, அந்த ஒயரக் கழட்டுறப்பப் பாத்தேன், அதுகிட்ட ஒரு எடத்துல மட்டும் தூசியே இல்ல. எதையோ சொருகி வெச்சிருந்த மாதிரி இருந்துச்சு. நகம் அளவுக்கு."

"எனக்கென்னம்மா தெரியும்"னேன்.

என்ற கையப் பாத்தா. மூஞ்சியப் பாத்தா. கத்தியிருக்கலாமில்லீங்களா? ஏன்க்கா இப்புடிப் பண்ணுனீங்கன்னு கேட்டிருக்கலாம். நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், எனக்கும் சொல்றதுக்கு இருந்துச்சு. துணிய எடுத்து மேசையத் தொடச்சா. தொடச்சுக்கிட்டே, "கொழந்தை ஆராட்டக்கா இருக்குது?" அப்புடீன்னா.

அதத்தாங்க என்னால தாங்க முடியல. அமுக்கம். எல்லாத்தையும் உள்ள வெச்சுக்கிட்டுக் கொழந்தை ஆராட்ட இருக்குதுன்னு கேக்கறா பாருங்க.

பத்து மணிக்கு மொதலாளி வந்தாரு. உக்காரச் சொன்னாரு. அவரு உக்காரச் சொன்னா நல்லதுக்கில்லைன்னு எனக்குத் தெரியும். "துளசிமணி, மெசினு இப்ப நல்லா ஓடுது. ரெண்டு ஆளுக்கு இங்க வேலையில்ல. இந்தப் புள்ள கணக்கும் பாக்கறா, ஆன்லைன்லயும் எல்லாம் பண்றா. உனக்கும் பேரன் வந்தாச்சு. ஊட்டுல இரு, நல்லா இரு." இவ்வளவுதானுங்க. பதினோரு வருசத்துக்கு. நல்லா இருன்னாரு.

அவகிட்ட அவரு என்னயப் பத்திக் கேட்டிருக்கோணும், அவ போட்டுக் குடுத்திருப்பான்னுதான் நான் நெனச்சேன். இல்லீங்க. அவ ஒரு வார்த்தை சொல்லல. இன்னைக்கு வரைக்கும் மொதலாளிக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் சொல்றேன். எங்கூட்டுக்காரருக்கே தெரியாது.

சொல்லாம இருந்ததோட இருந்திருக்கலாம் அவ. முன்னால வந்து நின்னுக்கிட்டு, "மொதலாளி, அக்காவ அனுப்பாதீங்க. டிரைவருங்கள்ளாம் அக்காவுக்குத்தான் கட்டுப்படுவாங்க. காலையில அக்கா இருக்கட்டும், மத்தியானத்துக்கு மேல நான் வந்துக்கறேன். எனக்கு அரை நாளு போதும்"ங்கறா!

எனக்குச் சிபாரிசு பண்றாங்க. எனக்கு! நான் வேலைக்குச் சேர்றப்ப இவளுக்குப் பதிமூணு வயசு இருக்கும். இவ பாதிப் பொழப்ப அறுத்து எனக்குக் குடுக்கறாளாம், நான் கைய நீட்டி வாங்கிக்கிட்டு உக்காந்துக்கோணுமாம், தெனமும் இவ மூஞ்சியில முழிச்சுக்கிட்டு. மொதலாளி யோசிக்கறாரு. "அப்புடி வேணும்னாப் பண்ணிக்கலாம்"னு இழுக்கறாரு. நான் பைய எடுத்தேன். "ஆரு பிச்சையும் எனக்கு வேண்டாமுங்க"ன்னேன். வெளிய வந்துட்டேன். பொறகாலயே ஓடியாறா, "அக்கா, அக்கா, நில்லுங்க"ன்னு. லாரி குறுக்க வந்திருச்சு. நான் திரும்பல.

அவமானப்படுத்திப்போட்டா தம்பி. திட்டுனவங்கள நான் மன்னிச்சுப்போட்டேன். பையக் கவுத்த மனுசனப் பாத்தாக்கூட இப்பக் கும்புடு போடறேன். அவள மட்டும் என்னால முடியல. இப்ப மில்லுல நூல் சுத்துன கோன அடுக்கற வேலை. நாலு மணி நேரத்துல காலு வீங்கிப் போகுது. ஆராலங்க இது? அவதான். அவ ஒரு நோட்டுப் போடாம இருந்திருந்தா, நாலு நாளு நின்னுபோட்டு, நான் வந்து சொருகியிருப்பேன், எல்லாம் பழையபடி ஓடியிருக்கும். அவளுக்கும் வேற வேலை கெடைச்சிருக்கும். படிச்ச புள்ள.

இருங்க, இருங்க. இந்தா வருது எங்க மேடை. உங்க பக்கந்தான். நீலத் தகரம் போட்ட ரூமு, முன்னால ரெண்டு லாரி நிக்குதே. ஜன்னலோரமா உக்காந்திருப்பா, அவதான். இந்த ரெண்டு மணி பஸ்ஸுல நான் மில்லுக்குப் போறது அவளுக்குத் தெரியும். தெனமும் கை காட்டுவா, பக்கத்துல உக்கார்றவங்க சொல்லுவாங்க. எட்டு மாசமாக் காட்டறா, கழுத்த நீட்டி நீட்டி. ஒருநாளுகூட நான் திரும்புனதில்லீங்க. இப்புடி நேரா டிரைவரு முதுகப் பாத்து உக்காந்துக்குவேன். அவளுக்குக் கொஞ்சமாச்சும் ரோசம் இருக்கோணுமில்ல.

தம்பி, கை காட்டறாளுங்களா?

காட்டலீங்களா? பச்சைச் சீலையோ என்னமோ கட்டியிருப்பா பாருங்க. லாரி மறைக்கும். மறைக்கலையா? உள்ளதான இருக்கறா?

இருக்கறாளா. பஸ்ஸப் பாத்தாளுங்களா?

பாத்தாளா. பாத்தும் கை காட்டலீங்களா.

நல்லாப் பாத்துத்தான் சொல்றீங்களா தம்பி?